பழைய அம்பாசடரில் ஹெட் கேஸ்கட் மாற்றுதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பகுதிகளின் பெரிய வீடுகளில், பின்கட்டை ஒட்டிய கார் ஷெட்டில் ஓர் அம்பாசடர் நிற்பதை இன்றும் காணலாம். குடும்பம் சென்னையிலோ கடல் கடந்தோ இருக்க, வண்டி மாதக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. கல்யாணத்துக்கோ படைப்புக்கோ எல்லாரும் ஊருக்கு வரும்போது பேட்டரியை மட்டும் மாற்றி அதை எழுப்பி, சித்திரை வெயிலில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாக ஓட்டுகிறார்கள். நின்ற காலத்தில் ரேடியேட்டருக்குள் துருவும் உப்பும் படிந்திருக்கும். ஓடும் நாளில் எஞ்சின் கொதிக்கும். கொதித்த எஞ்சினில் ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் அடிப்பகுதியான ப்ளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போகும். இந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்கு இவ்வேலை அடிக்கடி வருவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கேஸ்கட்டை மாற்றுவது ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் புதிய கேஸ்கட்டைப் போட்டு இறுக்கிவிட்டு, பழையது ஏன் போனது என்று பார்க்காமல் விட்டால், அடுத்த கோடைக்குள் அதே வேலையை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும். ஆகையால் இந்தக் கட்டுரை கழற்றிப் பூட்டுவதைக் காட்டிலும் இடையில் செய்யும் சோதனைகளுக்குக் கூடுதல் இடம் கொடுக்கிறது.

இங்கே சொல்லப்படுவது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு உரியது. இதில் வால்வுகளை இயக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் ப்ளாக்குக்குள் இருக்கிறது. புஷ் ராடும் ராக்கரும் வழியாக வால்வுகள் இயங்குகின்றன. ப்ளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. பிற்காலத்தில் வந்த இசுசு பெட்ரோல் எஞ்சின் வண்டிகளில் கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே இருப்பதால், ஹெட்டைத் தூக்குவதற்கு முன் டைமிங் செயினைக் கழற்றும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. அதற்கு அந்த எஞ்சினின் கையேட்டைத்தான் பின்பற்ற வேண்டும்.

கேஸ்கட்தானா என்று உறுதி செய்தல்

ப்ளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தகடு, எரியும் வாயு, குளிர்விக்கும் நீர், ஆயில் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் காக்கிறது. எந்த இரண்டு கலக்கின்றன என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். நீர் சிலிண்டருக்குள் இறங்கினால், எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் வெண்புகை நிற்காமல் வரும். வாயு நீருக்குள் புகுந்தால் ரேடியேட்டரில் குமிழிகள் தொடர்ந்து எழும், ஹோஸ்கள் சீக்கிரமே கல் போல விறைக்கும். நீர் ஆயிலில் கலந்தால் டிப் ஸ்டிக்கில் உள்ள ஆயில் பால் ஊற்றிய காபியின் நிறத்துக்கு மாறும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே மட்டும் கேஸ்கட் எரிந்திருந்தால் நீர் குறையாது, புகையும் வராது. எஞ்சின் இழுவையின்றி நடுங்கும்.

கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிக்க, சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் தேவை. நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டராக அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் அவற்றுக்கு நடுவில் கேஸ்கட் போயிருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், பிளக் துவாரம் வழியாக ஒரு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ கோளாறு இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெண்பசை ஒட்டியிருந்து, டிப் ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்தால், அது குறுந்தூரமே ஓடும் வண்டியில் ஈரம் குளிர்ந்து படிந்ததாக இருக்கலாம். அதைப் பார்த்து ஹெட்டைக் கழற்றத் தொடங்க வேண்டாம்.

தொடங்குவதற்கு முன்

மறுநாள் வண்டி வேண்டும் என்ற நிலையில் இந்த வேலையில் இறங்கவே கூடாது. ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்ப நேர்ந்தால் நாள்கள் கூடும். இடமும் முக்கியம்: திறந்த ப்ளாக்கின் மேல் விழும் ஒவ்வொரு மணலும் பிஸ்டனைக் கீறும் என்பதால், ஆடிக்காற்று செம்மண்ணை வாரியிறைக்கும் நாள்களில் முற்றவெளியிலோ வேப்பமர நிழலிலோ வேலை செய்யாமல், கதவு மூடிய ஷெட்டுக்குள் செய்ய வேண்டும்.

ரிங் ஸ்பேனர்களும் சாக்கெட்டுகளும் வாங்குமுன், நட்டுகள் அங்குல அளவைச் சேர்ந்தவை என்பதை நினைவில் வைக்க வேண்டும்; மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறத்தாழப் பொருந்துவதுபோல் தோன்றி, நட்டின் முனைகளை மழுக்கிவிடும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. கைக்கணக்கில் இறுக்கும் மூத்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், அவர்களுடைய வேலை நிற்கவும் செய்கிறது. புதியவருக்கு அந்தக் கை இன்னும் வந்திருக்காது. பழைய கையேடுகள் அளவைப் பவுண்டு-அடியில் தருகின்றன, இப்போது கிடைக்கும் ரெஞ்சுகளில் நியூட்டன்-மீட்டர் இருக்கிறது. ஒரு பவுண்டு-அடி என்பது 1.356 நியூட்டன்-மீட்டர். எஞ்சினின் பதிப்பைப் பொறுத்து இறுக்கும் அளவு மாறக்கூடும் என்பதால் உங்கள் வண்டிக்குரிய கையேட்டின் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றுடன் ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகள்), நேர்விளிம்புள்ள எஃகுச் சட்டம், ஹெட் கேஸ்கட், மேனிஃபோல்டு கேஸ்கட், ராக்கர் கவர் கேஸ்கட், புது ஹோஸ்கள், ஆயில், ஆயில் ஃபில்டர், கூலன்ட் ஆகியவற்றை முன்னரே வாங்கி வைக்க வேண்டும்.

கழற்றுதல்

எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சூடான ஹெட்டைக் கழற்றினால் அது வளையும். பேட்டரியின் எர்த் கம்பியை எடுத்துவிட்டு, ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து நீரை வடிக்க வேண்டும். ப்ளாக்கின் பக்கவாட்டிலும் ஒரு வடிகுழாய் இருக்கிறது. அதைத் திறந்தும் நீர் வராவிட்டால் உள்ளே சேறு அடைத்திருக்கிறது என்று பொருள். கம்பியால் குத்தி வழி ஏற்படுத்த வேண்டும். ப்ளாக்கில் நீர் நின்றால் ஹெட்டைத் தூக்கும்போது அது சிலிண்டர்களுக்குள் பாயும். வடித்த கூலன்ட்டைத் திறந்த வாளியில் வைக்க வேண்டாம். நாயும் பூனையும் அதைக் குடித்துவிடும், அது அவற்றைக் கொல்லும் நஞ்சு.

பிறகு ஏர் கிளீனர், கார்புரேட்டரின் பெட்ரோல் குழாய், சோக் கம்பி, ஆக்சிலரேட்டர் இணைப்பு, மேல் ஹோஸ், பிளக் ஒயர்கள் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு ஒயரிலும் எண் எழுதிய துணி டேப்பை ஒட்டிவிட்டு, கழற்றுமுன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் பூட்டும்போது குழப்பம் வராது. வெப்பமானியின் முனை ஹெட்டில் செருகியிருந்து, அதிலிருந்து டாஷ்போர்டுக்கு மெல்லிய குழாய் போகும் வண்டியாக இருந்தால், அந்தக் குழாயை மடக்காமல் முனையை மட்டும் மெதுவாக விடுவிக்க வேண்டும். குழாய் முறிந்தால் மீட்டரே போய்விடும். இந்த எஞ்சினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால், சைலன்சர் குழாயின் இணைப்பை விடுவித்துவிட்டு மேனிஃபோல்டை (ஹெட்டுக்குள் கலவையைக் கொண்டுவந்து புகையை வெளியே எடுத்துச்செல்லும் குழாய்த் தொகுதியை) கார்புரேட்டரோடு சேர்த்தே விலக்கிவிடலாம். துருவேறிய அந்த நட்டுகளுக்கு முந்தைய நாள் இரவே துரு நீக்கும் எண்ணெயைத் தடவி வைத்திருந்தால் பாதிப் போராட்டம் குறையும்.

ராக்கர் கவரை எடுத்ததும் ஹெட்டின் பதினொரு பெரிய நட்டுகளும் கண்ணுக்குத் தெரியும். அவற்றில் நான்கு ராக்கர் ஷாஃப்டின் தாங்கிகளையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. முதலில் ராக்கரைத் தனியாகக் கழற்றிவிட்டு மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று நினைப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் ஹெட் ஒரு பக்கம் மட்டும் விடுபட்டு வளைய இடமுண்டு. பதினொன்றையும் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, ஒரு சுற்றுக்குக் கால் திருப்பு வீதம், பல சுற்றுகளாகத் தளர்த்த வேண்டும். அதன் பிறகு ராக்கர் தொகுதியைத் தூக்கி, புஷ் ராடுகளை ஒவ்வொன்றாகச் சற்றுத் திருகி, அடியில் கேம் ஷாஃப்டின் மேல் அமர்ந்துள்ள டேப்பெட் கூடவே எழுந்து வராதபடி உருவ வேண்டும். ஒரு அட்டைப்பெட்டியில் எட்டுத் துளை போட்டு, எண்ணிட்டு, அதே வரிசையில் அவற்றைச் செருகி வைத்தால் ஒவ்வொன்றும் தன் பழைய இடத்துக்கே திரும்பிப் போகும்.

ஹெட் ஒட்டிக்கொண்டு வர மறுப்பது இயல்பு. இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பவே கூடாது. அங்கே விழும் ஒரு கீறல் கேஸ்கட் அடைக்க முடியாத வழியாகிவிடும். மரச்சுத்தியலால் பக்கவாட்டில் தட்டிப் பார்க்கலாம். அசையாவிட்டால், பிளக்குகளை மாட்டிய நிலையிலேயே ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைச் சுற்றினால் சிலிண்டரில் அமுங்கும் காற்று ஹெட்டைக் கிளப்பிவிடும். வார்ப்பிரும்பு ஹெட் கனமானது. இரண்டு பேர் இருபுறமும் நின்று, ஸ்டட்டுகளில் (ப்ளாக்கிலிருந்து எழுந்து நிற்கும் மரைத் தண்டுகளில்) சிக்காமல் நேராகத் தூக்க வேண்டும்.

பழைய கேஸ்கட்டையும் இரண்டு முகங்களையும் பார்த்தல்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பழைய கேஸ்கட்டைக் கிழித்து எறியாமல், எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் முன் என்று குறித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கருத்த தடம் இருந்தால் வாயு அந்த வழியாகப் பாய்ந்திருக்கிறது. நீர்த்துவாரத்தின் ஓரம் துருப்பிடித்து அரித்திருந்தால் கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீரில் ஓடிய வண்டி அது. எங்கும் சமமாக அமுங்காமல் ஒரு மூலை மட்டும் பளபளவென்று இருந்தால் ஹெட் வளைந்திருக்கிறது அல்லது அந்த மூலையில் நட்டு சரியாக இறுகவில்லை. பிஸ்டன்களையும் பாருங்கள்: மற்றவை கரி படிந்திருக்க, ஒன்று மட்டும் கழுவியதுபோல் சுத்தமாக இருந்தால் நீர் இறங்கியது அந்தச் சிலிண்டரில்தான்.

முகங்களைச் சுத்தம் செய்யும்போது, பழைய கேஸ்கட்டுகளில் செம்புத் தகட்டுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும் என்பதால், உலர்ந்த நிலையில் சுரண்டவோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ காற்றடித்து ஊதவோ கூடாது. நனைத்துவிட்டு, மரத்தாலோ பித்தளையாலோ ஆன சுரண்டியால் எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும், முகக்கவசமும் தேவை. சுழலும் எமரி வட்டுகள் வேலையைச் சீக்கிரம் முடிக்கும், கூடவே முகத்தில் பள்ளமும் தோண்டும். தொடங்குமுன் சிலிண்டர்களிலும் நீர்த்துவாரங்களிலும் புஷ் ராடு துளைகளிலும் சுத்தமான துணியை அடைத்து, எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணி எழுதிவைக்க வேண்டும்.

பிறகு எஃகுச் சட்டத்தை ஹெட்டின் முகத்தில் நீளவாட்டில், குறுக்கே, இரு மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். ப்ளாக்கிலும் இதையே செய்ய வேண்டும். பலர் ப்ளாக்கை விட்டுவிடுகிறார்கள். 0.05 மி.மீ. தகடு எங்கும் நுழையாவிட்டால் கவலையில்லை. 0.10 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அங்கே வளைவு போகும் அளவுக்கு மட்டும் முகத்தைச் சீவச் சொல்லுங்கள்; அதிகம் சீவினால் எரி அறை சுருங்கி, கம்ப்ரெஷன் ஏறி, எஞ்சின் தட்டத் தொடங்கும். ஸ்டட் துளைகளைச் சுற்றி ப்ளாக்கின் உலோகம் சிறு விளிம்பாக மேலே இழுபட்டிருப்பதும் உண்டு. சட்டத்தை வைத்தால் அது தெரியும். ஸ்டட்டைக் கழற்றித் துளையின் வாயைச் சற்றே அகலச் செதுக்கினால் சரியாகும்.

கொதித்த எஞ்சினாக இருந்தால் விரிசலையும் தேட வேண்டும். 2, 3 ஆம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் அருகருகே அமைந்து ஒரே துவாரத்தில் புகையை வெளியேற்றுவதால், ஹெட்டில் அதிகம் சூடாகும் இடம் அதுவே. விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், நீர்வழிகளை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் பட்டறையில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஹெட் எப்படியும் வெளியே இருப்பதால், கரியைச் சுரண்டி, வால்வுகளைத் தேய்த்து உட்காரவைக்கும் வேலையையும் இப்போதே முடித்துவிடலாம்.

எஞ்சின் ஏன் கொதித்தது

இந்த வட்டாரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை. கடினத்தன்மை மிகுந்த போர் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினால், சூட்டில் உப்புப் பிரிந்து குழாய்களின் உட்சுவரில் ஓடாகப் படிகிறது. மேலே மூடியைத் திறந்து பார்த்தால் நீர் நிறைந்திருக்கும். நடுக்குழாய்களில் பாதி அடைத்திருக்கும். ரேடியேட்டர் பட்டறையில் மேல் தொட்டியின் பற்றை உருக்கித் திறந்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்வார்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம்.

அடைப்பு ஒரு பக்கம் என்றால் அரிப்பு இன்னொரு பக்கம். வார்ப்பிரும்பு ப்ளாக், செம்பும் பித்தளையுமான ரேடியேட்டர், ஈயப் பற்று ஆகியவை ஒரே உப்பு நீரில் நனைந்து கிடந்தால் அவற்றுக்குள் மின்வேதி அரிப்பு நடக்கும். வண்டி ஓடாமல் நிற்கும் காலத்திலும் அது நிற்பதில்லை. உலோக அரிப்பு ஆராய்ச்சிக்குப் பேர்பெற்றதும், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்து 1953-இல் திறக்கப்பட்டதுமான ‘சிக்ரி’ (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) காரைக்குடியிலேயே இருக்க, நம் ஊர்க் கார்களின் ரேடியேட்டரில் செந்நிறக் குழம்பு ஓடுவது வேடிக்கைதான். அரிப்பைத் தடுக்கும் பொருள் கூலன்ட்டில் கலந்திருக்கிறது. அதைக் கையேடு சொல்லும் விகிதத்தில், பேட்டரிக்கு வாங்கும் வாலை வடித்த நீரில் கலந்து ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு அந்த நீர் கிடைக்காவிட்டால், வளவுக் கூரையிலிருந்து சுத்தமாகப் பிடித்துவைத்த மழைநீர் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல்.

தெர்மோஸ்டாட் (நீரின் சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் வால்வு), வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் மூடி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத்தில் தொங்கவிட்டு நீரைச் சுடவைத்தால், அதன் மேல் பொறித்த வெப்பநிலையை ஒட்டித் திறக்க வேண்டும். ‘நம் ஊர் வெயிலுக்கு இது வேண்டாம்’ என்று அதைக் கழற்றி எறிவதை நான் ஏற்கவில்லை. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடினால் ஆயிலில் ஈரம் தங்கி, சிலிண்டர் தேய்மானம் கூடும். இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் எஞ்சின் சூடேறும் என்பதால் அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டுதல்

அடைத்த துணிகளை எண்ணி எடுத்த பிறகு, ஸ்டட்டுகளின் மரையைச் சுத்தம் செய்து, புது கேஸ்கட்டைப் ப்ளாக்கின் மேல் வைத்து எல்லாத் துளைகளும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். மேல்பக்கமும் முன்பக்கமும் கேஸ்கட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கேஸ்கட் தயாரிப்பாளர் சொல்லாத வரை பசையோ கிரீஸோ பெயின்ட்டோ தடவ வேண்டாம். இரண்டு முகங்களும் சமமாகவும் எண்ணெய்ப்பசை இல்லாமலும் இருந்தால் எதுவும் தேவைப்படாது.

ஹெட்டை ஸ்டட்டுகளின் மேல் நேராக இறக்கி, புஷ் ராடுகளை எண்வரிசையில் செருகி, டேப்பெட் ஸ்க்ரூக்களை நன்றாகத் தளர்த்திய ராக்கர் தொகுதியை அமர்த்தி, ஒவ்வொரு புஷ் ராடும் தன் குழியில் உட்கார்ந்திருப்பதை விரலால் உறுதி செய்ய வேண்டும். மரையில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு, வாஷரோடு நட்டுகளைக் கையால் முடுக்குங்கள். அதன் பிறகு நடுவிலிருந்து தொடங்கி, மாறி மாறி இருபுற ஓரங்களை நோக்கிச் செல்லும் கையேட்டின் வரிசைப்படி, முழு அளவின் மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, முழு அளவு என மூன்று சுற்றுகளாக இறுக்க வேண்டும். ஓரத்தை முதலில் இறுக்கினால் நடுவில் உள்ள தொய்வு வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்ளும். ராக்கர் தாங்கிகளின் சிறிய நட்டுகளுக்குக் குறைந்த அளவு தனியாக உண்டு. பெரிய நட்டின் அளவை அவற்றுக்குக் கொடுத்தால் ஸ்டட் முறியும்.

ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விட வேண்டிய டேப்பெட் இடைவெளிக்கு ஒன்பதுக் கணக்கு உதவும். முன்னாலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொண்டு, எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ அந்த எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வரும் வால்வைச் சரிசெய்ய வேண்டும்: 8 திறந்திருக்கும்போது 1, 6 திறந்திருக்கும்போது 3, 4 திறந்திருக்கும்போது 5 என்று போகும். இடைவெளியின் அளவும், அதைச் சூட்டில் பார்ப்பதா குளிரில் பார்ப்பதா என்பதும் கையேட்டில் இருக்கும். பிளக் ஒயர்களின் எரிவரிசை 1, 3, 4, 2.

முதல் ஓட்டமும் மறு இறுக்கமும்

பிளக்குகளை மாட்டுமுன் ஹேண்டிலால் சில சுற்று சுற்றி, எங்கும் இடிக்கவில்லை, பிளக் துளைகளில் நீர் தெறிக்கவில்லை என்று பாருங்கள். பழைய ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம் மாற்றப்பட வேண்டும். ஆயில் பாலாக மாறியிருந்தால், விலை குறைந்த ஆயிலை ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு வடித்துவிட்டு, அதன் பிறகு நல்ல ஆயிலை ஊற்ற வேண்டும். கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைப் பிசைந்து காற்றை வெளியேற்ற வேண்டும். முதல் சில நிமிடங்கள் சைலன்சரில் வெண்புகை வருவது உள்ளே தங்கிய நீர் ஆவியாவதால்தான். சூடேறிய பிறகும் நீடித்தால் நிறுத்திவிடுங்கள்.

எஞ்சின் இயல்பான சூட்டுக்கு வந்ததும் அணைத்து, இரவு முழுவதும் ஆறவிட வேண்டும். மறுநாள் காலை ராக்கர் கவரைக் கழற்றி, அதே வரிசையில் ஒரு நேரத்தில் ஒரு நட்டை மட்டும் சற்றே தளர்த்தி மீண்டும் முழு அளவுக்கு இறுக்கினால், கேஸ்கட் அமுங்கியதால் விட்ட பிடி திரும்பக் கிடைக்கும். இறுக்கியதும் ராக்கர் தாழ்ந்திருக்கும் என்பதால் டேப்பெட் இடைவெளியையும் மறுபடி பார்க்க வேண்டும். ஒருமுறை இழுபட்டு நீளும் போல்ட்டுகள் உள்ள புதுக் கார்களுக்கு இந்த மறு இறுக்கம் பொருந்தாது. ‘இறுக்க வேண்டாம்’ என்று அட்டையில் அச்சிட்ட கேஸ்கட்டுகளுக்கும் அப்படியே.

முதல் வெளி ஓட்டத்தை ராமேசுவரத்துக்கு வைத்துக்கொள்ளாமல், பிள்ளையார்பட்டி வரை போய்வருவதோடு நிறுத்திக்கொள்ளலாம். போகும்போது வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. வீடு திரும்பி எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டரில் நீர்மட்டம், டிப் ஸ்டிக்கில் ஆயிலின் நிறம், ஹெட்டின் ஓரத்தில் கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நீர்மட்டம் முதல் இரண்டு மூன்று நாள்கள் சற்று இறங்குவது காற்று வெளியேறுவதால். அதற்குப் பிறகும் இறங்கினால் வேறு கசிவைத் தேடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளின் இறுக்கத்தை இன்னொரு முறை சோதித்து, வண்டி மீண்டும் பூட்டிய ஷெட்டில் நிற்கப்போகிறது என்றால், கூலன்ட்டை வடிக்காமல் நிறைத்தே வைத்து, மாதம் ஒருமுறை முழுச் சூடு வரும்வரை ஓட்டச் சொல்லி வீட்டுக்காவலரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.